கூரைக்கு முன்னாடி வந்த நிழல்

விசில வாயிலருந்து எடுங்க திரவியம் அண்ணாச்சி, எடுத்துட்டுப் பேசுங்க. கண்டக்டர் வேலையிலருந்து ரிட்டயர் ஆகி ஒம்பது வருஷம் ஆச்சு, இன்னும் சங்கக் கூட்டத்துல ஒரு பொம்பளப்பிள்ள வாயத் தொறந்தா விசில ஊதி எறக்கி விட்டுரலாம்னு பாக்குறீங்க, நான் எறங்குற ஆளு இல்ல. என்னது, நிழல நான் வெரட்டுனேனா? என் வாய்க்குப் பயந்து அது ஓடிருச்சா? என் வாய்க்குப் பயந்து ஒண்ணு ஓடணும்னா மொதல்ல நீங்கல்ல ஓடியிருக்கணும், நாலு வருஷமா அதே சேர்ல தலைவரா ஒக்காந்துருக்கீங்க.

எட்டாம் நம்பர் வீட்டுக்குப் போன வாரம் குடிவந்த அக்கா அந்தா ஓரமா நிக்கிறாங்க, நீங்க சொன்னத மட்டும் கேட்டுட்டு என்னைய ஒரு மாதிரியா பாக்குறாங்க. அக்கா, என் பேரு அருள்கனி. மூணாம் நம்பர் வீடு. காலேஜ்ல பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம். மொதல்லருந்து சொல்றேன், முழுசாக் கேட்டுட்டு அப்புறம் எப்படி வேணா பாருங்க.

இந்தக் காலனிக்கு ப்ளாட் போட்டவங்க இங்கன நின்ன மரத்துல ஒண்ணு விடாம தோண்டி எடுத்துட்டு, தெருவுக்கு மட்டும் வேப்பமரத் தெரு, புங்கமரத் தெரு, மகிழமரத் தெருன்னு போர்டு நட்டு வச்சுட்டுப் போனாங்க. நிழல்னா எங்களுக்கு லைட் கம்பத்து நிழல்தான். காலைல எட்டு மணி பஸ்ஸுக்கு நிக்கிற பதினஞ்சு பேரும் அந்தக் கம்பத்து நிழலுக்குள்ள ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தரா ஒடுங்கி நிப்போம், நிழல் நகர நகர வரிசையும் நகரும், வெளியூர்க்காரங்க பாத்தா ஏதோ நேர்த்திக்கடன்னு நெனப்பாங்க.

இப்படி ஒரு எடத்துல எனக்குக் கோழி வளக்கணும்னு ஆச வந்துச்சு. பெரியம்மா வீட்டுல அட வச்ச முட்டையில பொரிச்ச பதினோரு குஞ்ச ஒரு அட்டப்பெட்டியில போட்டுக் கொண்டாந்து எங்க அடுப்படியில வச்சேன், மேல ஒரு குண்டு பல்பு. குளுருனா பதினொண்ணும் பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கும், சூடுனா ஓரத்துல போயி ஒட்டிக்கிடும், அதப் பாத்துப் பாத்துப் பல்ப ஏத்துறதும் எறக்குறதுமா ஒரு மாசம் போச்சு. ஒரு மாசத்துல றெக்க மொளச்சு, பெட்டியத் தாண்டி, அடுப்பு மேடையில ஏறி, எங்கம்மா கறிக்குத் தாளிக்கிறப்போ வரிசையா நின்னு சட்டிக்குள்ள எட்டிப் பாக்க ஆரம்பிச்சதும் எங்கம்மா கரண்டியக் கீழ வச்சுட்டா. இதுக மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால கறி வைக்க முடியாது, வெளிய ஒரு கூடு கட்டு, இல்லன்னா நான் வெளிய போறேன்னு சொல்லிட்டா.

கொத்தனார் மாசானம் அண்ணன் வந்தாரு. பத்துக்கு எட்டுல, ஹாலோ பிளாக் வச்சு மூணு பக்கம் இடுப்பளவு செவரு, அதுக்கு மேல கோழிவல, முன்னாடி வலையடிச்ச கதவு, நாலு மூலைக்கும் நாலரை அடி ஒசரத்துல பைப்பு, எல்லாம் நேக்கா முடிச்சாரு. கூரைக்கு சிமெண்ட் ஷீட்டு வந்து செவத்துல சாஞ்சு நின்னுச்சு. அன்னைக்குப் பாத்து அவரு ஊருல கோயில் கொடைத் திருவிழா. வெள்ளிக்கெழம போயிட்டுத் திங்கக்கெழம காலைல வந்து ஷீட்ட மாட்டிருவேன் பாப்பான்னு சொல்லி, நூலு, தூக்குக்குண்டு, கரண்டி எல்லாத்தையும் எங்க வீட்டுலயே வச்சுட்டுப் போனாரு. எந்தத் திங்கக்கெழமன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல, தப்பு என் மேலதான்.

கத்திரி வெயிலு. அடுப்படிக்குள்ள திரும்ப விட எங்கம்மா சம்மதிக்கல, கூட்டுக்குக் கூரை இல்ல. உமிய ரெண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்ணிக் கிண்ணத்துல குஞ்சு விழுந்துராம கூழாங்கல்லு போட்டு, சின்ன வெங்காயத்தப் பொடியா நறுக்கி வச்சு, சாக்க நனைச்சு வலையில தொங்க விட்டேன், அர மணி நேரத்துல சாக்கு அப்பளமாப் போச்சு. பதினொண்ணும் வாயப் பொளந்துக்கிட்டு, றெக்கய ஒடம்ப விட்டுத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, சட்டப் பித்தானக் கழட்டி விட்ட ஆம்பளைங்க மாதிரி நின்னுச்சுக.

செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு நிழல் வந்துச்சு.

மேகம் இல்ல, மரம் இல்ல, மேல காக்கா கூட இல்ல. தெக்குச் செவத்துலருந்து வடக்குச் செவரு வரைக்கும் ஒரு பாயி விரிச்ச மாதிரி விழுந்துச்சு, ஓரம் மட்டும் சிமெண்ட் ஷீட்டு ஓரம் மாதிரி அல அலயா இருந்துச்சு, முன்பக்கம் கதவத் தாண்டி நீட்டிக்கிட்டு ஒரு அடி இறவாரமும் இருந்துச்சு, நோட்டுல நான் வரைஞ்சு மாசானம் அண்ணன்ட்ட காட்டுனேன்ல, அதே ஒரு அடி. குஞ்சுக வாய மூடுச்சு. றெக்கய மடிச்சுச்சு. ஒண்ணொண்ணா ஒக்காந்து கண்ண மூடித் தூங்கிருச்சு. எங்கம்மா வேல பாக்குற தீப்பெட்டி ஆபீஸுலருந்து வந்து எட்டிப் பாத்துட்டு, வந்தா இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லி, வெயில்ல கெடந்த தண்ணிக் கிண்ணத்த நிழலுக்குள்ள நகத்தி வச்சுட்டு, குளிக்கப் போயிட்டா. எங்க பிசிக்ஸ் மிஸ்ஸுட்டயும் போன் போட்டுக் கேட்டேன், மறைக்கிற பொருள் இல்லாம நிழல் விழுமா மிஸ்னு. செமஸ்டருக்கு வராது, விட்டுருன்னாங்க.

மறுநாளே பக்கத்து வீட்டு மெர்சி அக்கா தையல் மிஷினத் தூக்கிட்டு வந்துட்டாங்க. நான் தப்புச் சொல்லல மெர்சி அக்கா, ஒங்க வீட்டு ஓட்டுக்கு அடியில ஒக்காந்து ஜாக்கெட் தைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். அந்த நிழல் நல்லாப் பழகுன நிழல், சூரியன் சொல்றபடி கேட்டு நடந்துச்சு, காலைல மேக்கால மெர்சி அக்கா வாசல் வரைக்கும் நீளும், உச்சியில குஞ்சு தலமேல நிக்கும், சாயங்காலம் கெழக்க எறங்கித் தெருவுக்குப் போயிரும், அது பின்னாடியே அக்கா மிஷினும் ஒரு ஜாணு ஒரு ஜாணா போயிக்கிட்டு இருக்கும், காலைல ஒங்க வாசல்ல ஆரம்பிச்ச பாவாட சாயங்காலம் தெரு முக்குல முடியும். அதப் பாத்துட்டு ஆறாம் நம்பர்ல மாவுத் தூக்குச்சட்டிய வச்சாங்க, புளிக்காம இருக்கட்டும்னு. அதப் பாத்துட்டு ரெண்டாம் நம்பர் மாமா தன்னோட பைக்க நிப்பாட்டுனாரு. கட்டக் கடைசியா நம்ம அண்ணாச்சி பிளாஸ்டிக் சேரும் பேப்பருமா வந்தாரு.

ஒருத்தராவது இது ஏன் வந்துச்சுன்னு கேட்டீங்களா? எத்தன மணி வரைக்கும் இருக்கும்னு கேட்டீங்க. பக்கத்துல சார்ஜ் போட ப்ளக் இருக்கான்னு கேட்டீங்க. ஞாயித்துக்கெழம லீவு விடுமான்னு ஒருத்தர் கேட்டாரு, யாருன்னு நான் சொல்லல, அவரே சிரிக்கிறாரு.

அந்த நிழலு நாலரை அடி ஒசரத்தோட நின்னுரும், எட்டாம் நம்பர் அக்கா, ஒங்களுக்குத் தெரியாதுல்ல. அதுக்கு மேல வெயிலு. நெஞ்சு வரைக்கும் குளுகுளுன்னு இருக்கும், கழுத்துக்கு மேல பொரியும். நின்னா தல கொதிக்கும்னு எல்லாரும் ஒக்காந்தாங்க. உச்சிவேளையில நிழல் கூட்டுக்குள்ளயேதான் இருக்கும்னு எல்லாரும் கூட்டுக்குள்ள வந்து ஒக்காந்தாங்க. பத்துக்கு எட்டு அடியில பதினோரு குஞ்சு, ஒம்பது ஆளு, ரெண்டு சேரு, ஒரு தையல் மிஷினு. கோழிவலைக்கு உள்ள எங்க காலனி நலச்சங்கம் மொத்தமும் ஒக்காந்து சுண்டல் தின்னுக்கிட்டு இருக்க, கொத்தித் தின்ன எடம் இல்லாம பதினொண்ணும் ஒங்க காலுக்கு நடுவுல நடுவுல பூந்து திரிஞ்சுச்சு. ஒண்ணு அண்ணாச்சி வேட்டி மடிப்புல ரெண்டு நாளு குடியிருந்துச்சு. அவரு பேப்பரத் திருப்புனா அதுவும் தலையத் திருப்பும்.

சரி, போகட்டும்னுதான் இருந்தேன். அப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க? சத்தம் போடக்கூடாதுன்னு ஒரு அட்ட எழுதித் தொங்க விட்டீங்க, யாருக்கு, குஞ்சுகளுக்கு. காலாட்டாம ஒக்காரணும், ஒருத்தர் எந்திரிச்சா அடுத்தவர் வரணும்னு நேரம் போட்டு எழுதுனீங்க, அந்தப் பட்டியல்ல என் குஞ்சு ஒண்ணு பேரு கூட இல்ல. கோழி நாத்தம் அடிக்குதுன்னு கோழிக்கூட்டுக்குள்ள ஒக்காந்துக்கிட்டு எங்கம்மாட்டக் கொற சொன்னீங்க. கோழிகள வேற எங்கயாவது மாத்த முடியுமான்னு கேட்டீங்க. மாத்த முடியுமாம்.

எங்கம்மா என்ன செஞ்சா? டீ போட்டா. அவ காலைலயே போயி தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தா, முன்னாடியெல்லாம் தண்ணியக் குடிச்சுட்டுச் செவத்துல சாஞ்சு ஒக்காந்துருவா, இப்போ வந்ததும் வராததுமா ஒம்பது தம்ளர வரிசையா வச்சு டீ ஊத்துனா, யாருக்குச் சீனி வேண்டாம், யாருக்கு ஆடை வேண்டாம்னு மூணே நாள்ல மனப்பாடம் பண்ணிட்டா. தலைக்குக் கனகாம்பரம் வச்சா. அது ஏன்னு எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியுமான்னு தெரியல, அத அப்புறம் கேக்குறேன்.

ரெண்டாவது வாரம் கோடை மழ வந்துச்சுல்ல, ஞாபகம் இருக்கா. அது நிழலுதான, கூரையா. மழ அதுக்குள்ள நேரா எறங்குச்சு. சேரத் தூக்குனீங்க, மிஷினத் தூக்குனீங்க, மாவுத்தூக்கத் தூக்குனீங்க, ரெண்டாம் நம்பர் மாமா பைக்க ஸ்டார்ட் ஆகலன்னு தள்ளிக்கிட்டே ஓடுனாரு, சுண்டல் சட்டியக் கூட யாரோ பத்திரமா எடுத்துட்டுப் போயிட்டீங்க. பதினோரு குஞ்ச ஒருத்தர் கையும் எடுக்கல. நான் காலேஜ் விட்டு வரும்போது பதினொண்ணும் ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நனஞ்ச பஞ்சு மாதிரி கெடந்துச்சு, அடியில ரெண்டு மூச்சு விடவும் முடியாம கெடந்துச்சு. எங்கம்மா சேலையில சுத்தி, பல்பப் போட்டு, ஒண்ணொண்ணா நெஞ்சத் தடவி, ராத்திரி சோத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் எந்திரிக்க வச்சேன். அன்னைக்கே மாசானம் அண்ணனுக்குப் போன் போட்டு, கொடை முடிஞ்சுச்சா, இல்ல அடுத்த வருஷக் கொடையையும் சேத்துப் பாத்துட்டு வாறீங்களான்னு கேட்டேன்.

மூணாவது திங்கக்கெழம வந்தாரு. நெத்தி நெறைய துண்ணூறு, புதுச் சட்ட, வெக்கப்பட்டுச் சிரிச்சுக்கிட்டே ஏணியத் தூக்கிட்டு வந்தாரு. அவரு நூலப் பிடிச்சு அளவு பாக்கவும் அண்ணாச்சி விசில ஊதவும் சரியா இருந்துச்சு. அவசரக் கூட்டம். எங்க கோழிக்கூட்டுக்குள்ளயே கூட்டம்.

அங்கன அண்ணாச்சி பேசுன பேச்ச நான் அப்படியே சொல்றேன், தப்பா இருந்தா நிப்பாட்டுங்க. கூரையப் போட்டா நாலரை அடியில தல முட்டும், நாம எப்படி உள்ள ஒக்காருறதுன்னு கேட்டீங்க. கூரையப் போட்டா அது எல்லாக் கூரை மாதிரியும் ஒரு கூரை, இப்போ இருக்குறது ஒலகத்துலயே நம்ம காலனில மட்டும் இருக்குற நிழல், இதுக்கு மேல ஒரு ஷீட்டப் போட்டு மூடுறது சாமி மேல சாக்கப் போட்டு மூடுற மாதிரின்னு சொன்னீங்க. எல்லாரும் கை தட்டுனாங்க, குஞ்சுக பயந்து பறந்துச்சு, சத்தம் போடக்கூடாதுன்னு அட்டயக் காட்டுனீங்க. அப்புறம் தீர்மானம். மூணாம் நம்பர் வீட்டுக் கோழிக்கூட்ட இப்போ இருக்குற நெலமையிலயே என்னைக்கும் பாதுகாக்கணும், கூரை போடக்கூடாது. சம்மதம்னா கை தூக்குங்க. ஒம்பது கை ஏறுச்சு. பத்தாவதா, கதவுப் பக்கம் டீத் தட்டோட நின்ன எங்கம்மா, தட்ட இடது கைக்கு மாத்திட்டு வலது கையத் தூக்குனா.

மாசானம் அண்ணன் என்னையப் பாத்தாரு. எங்கம்மாவப் பாத்தாரு. எடம் அக்காவோடது, அக்காவே சொல்லிட்டா நான் என்ன பண்ண பாப்பான்னு சொல்லி, நூலச் சுத்திப் பையில போட்டுட்டு, "சரி, போடல"ன்னாரு.

அவரு வாய மூடல, நிழல் போயிருச்சு. தெக்குச் செவத்துலருந்து வடக்கால பாயச் சுருட்டுன மாதிரி சுருண்டு, இறவாரம் கடைசியாப் போச்சு. மணி பதினொண்ணு பத்து. ஒம்பது பேரும் தூக்குன கைய எறக்காம அந்த வெயில்ல ஒக்காந்துருந்தீங்க. மேகம் வெலகுது, இப்போ வந்துரும்னு யாரோ சொன்னீங்க. வானத்துல மேகம் இருந்துச்சா? காலைலருந்து இல்லாத மேகம் எப்படி வெலகும்? ஆனா டீயக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் போனீங்க.

அதுக்கப்புறம் நடந்த கூத்து எட்டாம் நம்பர் அக்காவுக்கே தெரியும், பாதிய நீங்களே பாத்துருப்பீங்க. கூட்டு மூலைக்கு வேப்பங்கொல கட்டுனாங்க. பூசணிக்கா சுத்தி ஒடச்சாங்க, அதக் குஞ்சுக தின்னுச்சு, அது ஒண்ணுதான் நல்லது. நிழலுக்குப் பிடிச்சது கூரையில்லாத கூடுதான்னு கண்டுபிடிச்சு, வீட்டுக்கு வீடு ஹாலோ பிளாக் எறக்கி, மூணு பக்கம் செவரு வச்சு, வல அடிச்சு, கூரை போடாம விட்டுட்டு, பக்கத்துல சேரப் போட்டு ஒக்காந்து மேல பாத்துக்கிட்டு இருக்காங்க. ஆறு நாள்ல இந்தக் காலனில எங்களோடது சேத்து ஏழு கோழிக்கூடு. ஆறுல கோழி கெடையாது. ஏழுலயும் கூரை கெடையாது. அவ்வளவையும் கட்டுனது மாசானம் அண்ணன், அவருக்கு இந்த வருஷம் தெய்வம் கண்ணத் தொறந்துருச்சு, அந்தா நின்னு தலையச் சொறியிறாரு.

நான் தார்ப்பாய் கட்டுனேன். தீர்மானத்துக்கு விரோதம்னு ரெண்டு பேரு வந்து அவுத்துட்டுப் போனீங்க. அடுப்படியில வச்சேன், சன்னல் வழியா பூன வந்துருச்சு. காலேஜுக்கு லீவு போட்டுட்டுக் கொடயப் பிடிச்சுக்கிட்டுக் கூட்டுக்குள்ள ஒக்காந்தேன், ஒரு கொட பதினோரு குஞ்சுக்கும் எட்டல. புதன்கெழம மத்தியானம் நான் தண்ணி மாத்தப் போயிட்டு வரும்போது ஒண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. அண்ணாச்சி, அது ஒங்க வேட்டி மடிப்புல இருந்ததுதான். கிண்ணத்துக்கு ஒரு ஜாணு இந்தப்பக்கம், வாயத் தொறந்தபடியே கெடந்துச்சு. இப்போ பத்து. இன்னும் ரெண்டு வாரம் இந்த வெயிலு அடிக்கும்னு பேப்பர்ல நீங்கதான படிச்சுச் சொன்னீங்க.

அத வெரட்டுனது யாருன்னு இப்போ சொல்றேன், விசில எடுக்காதீங்க. அந்த நிழலு சும்மா வந்த நிழல் இல்ல. போடப்போற கூரையோட நிழல். கூரை வர லேட்டாகுது, குஞ்சுக தவிக்குதுன்னு அது மட்டும் முன்னாடி பொறப்பட்டு வந்துருச்சு, கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடியே வந்து காய் நறுக்குற சொந்தக்காரங்க மாதிரி. நம்பலன்னா மெர்சி அக்காட்டக் கேளுங்க. ஒரு நாளு காலேஜ் பஸ்ல வரும்போது, இறவாரம் ஒரு அடி பத்தாது, ரெண்டு அடியா விட்டா சாரல் அடிக்காதுன்னு மனசுல முடிவு பண்ணேன். பஸ்ஸ விட்டு எறங்கி வந்தா, நிழல் ஒரு அடி நீண்டு கெடக்கு. அக்கா, அன்னைக்கு நீங்க மிஷினத் தள்ளவே இல்லையே, நிழலே தேடி வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல? சொன்னீங்க. தலையாட்டுறாங்க, எல்லாரும் பாத்துக்கிடுங்க.

போடப்போறோம்னு நெசமா நெனச்ச வரைக்கும் அது இருந்துச்சு. போடலன்னு சொன்ன நிமிஷம் போயிருச்சு. இல்லாமப் போன கூரைக்கு அது எப்படி நிழலா இருக்கும், அதுக்கும் ஒரு மானம் மரியாத இருக்குல்ல.

ஒங்க ஆறு கூட்டுக்கும் ஏன் வரலன்னு கேக்குறீங்க. மேல நிமிந்து பாருங்க. மெர்சி அக்காவோட ஓட்டு வீட்டத் தவிர காலனில ஒரு வீடு விடாம மொட்டமாடியில கம்பி விட்டுருக்கோம், மேல மாடி எடுக்கணும்னு. மகனுக்கு ஒரு மாடி, மகளுக்கு ஒரு மாடின்னு நெனச்சு விட்ட கம்பி, துருப்பிடிச்சு, துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கோம். அந்த மாடில ஒண்ணாவது தன்னோட நிழல அனுப்புச்சா? அண்ணாச்சி வீட்டுக் கம்பி பதினாலு வருஷமா நிக்குது, மஸ்கட்ல இருக்குற மகன் வந்து இருப்பான்னு விட்டது. அந்த அண்ணன் வரமாட்டாருன்னு அந்தக் கம்பிக்கே தெரிஞ்சுருச்சு.

சரி. அது சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, நெசமாத்தான் சொல்றேன். தண்ணி குடிங்க. ஆனா என் வாய் ஒண்ணுதான் தப்புன்னு அதயும் சேத்து சங்க நோட்டுல எழுதிராதீங்க.

இப்போ மாசானம் அண்ணன் வந்து நிக்கிறாரு, ஏணி இருக்கு, ஷீட்டு இருக்கு, ஒரு மணி நேர வேல. ஏறுங்கண்ணேன்னா ஏறமாட்டேங்கிறாரு. சங்கத்துக்குப் பயந்து இல்ல, எடம் அக்காவோடது, அக்கா தூக்குன கைய எறக்கட்டும், அப்புறம் ஏறுறேங்கிறாரு. எங்கம்மா எறக்கமாட்டேங்கிறா. நாலு நாளா நானும் சண்டை போட்டுப் பாத்துட்டேன், குஞ்சு செத்தப்போ என்னைய விட அவதான் அதிகம் அழுதா, அழுதுக்கிட்டே கைய எறக்கமாட்டேன்னா.

ஏன்னு நேத்துதான் வெளங்குச்சு. இந்தக் காலனிக்கு நாங்க வந்து ஏழு வருஷம். எங்கப்பா விட்டுட்டுப் போனப்புறம் அவ தனியா நின்னு கட்டுன வீடு. ஏழு வருஷமா இங்கன எந்த வீட்டுல விசேஷம்னாலும் மத்த வீட்டுக்கெல்லாம் உள்ள போயி, ஒக்காந்து, குங்குமம் குடுத்து, பத்திரிகைய வெத்தல பாக்கோட கையில குடுப்பீங்க. எங்க வீட்டுக்கு மட்டும் கேட் கம்பியில சொருகிட்டுப் போவீங்க. அவ வேலைக்குப் போயிட்டு வந்து அத உருவி, தூசியத் தட்டி, சாமி படத்துக்குப் பக்கத்துல வப்பா. எல்லாத்தையும் வச்சுருக்கா. இந்த ரெண்டு வாரந்தான் ஒங்க செருப்பு எங்க வாசல்ல கெடந்துச்சு. அவ அந்தச் செருப்ப எண்ணுவா அண்ணாச்சி, டீ ஊத்துறதுக்கு முன்னாடி வந்து நின்னு எண்ணிட்டுப் போவா. கூரை ஏறுனா நீங்க வரமாட்டீங்கன்னு அவளுக்குத் தெரியும். அதான் தூக்குனா. நிழல் போனப்புறமும், என்னைக்காவது திரும்ப வரும், அது வந்தா இவங்களும் வருவாங்கன்னு அந்தக் கைய எறக்காம வச்சுருக்கா. நீங்க குஞ்ச நெனைக்கலன்னு நான் ஒங்களத் திட்டுனேன். எங்கம்மாவ நானும் நெனைக்கல, அதனால இந்த விஷயத்துல நானும் ஒங்க கூடத்தான் நிக்கிறேன்.

அதனால நிழல யாரு வெரட்டுனான்னு நான் இனிமே கேக்கல. தீர்மானத்த ரத்து பண்ணுங்கன்னும் கேக்கல, அது பேப்பரு. வேற ஒண்ணு கேக்குறேன், கேள்வி ஒங்களுக்குத்தான், ஒரு வார்த்தையில பதில் சொல்லலாம். அந்தா, எங்க வீட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல எங்கம்மா நிக்கிறா. என்னையப் பாக்கல, ஏணியப் பாக்கல, ஒங்க வாயத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. மாசானம் அண்ணன் அவளப் பாத்துக்கிட்டு இருக்காரு. மணி பத்தே முக்கால், உமி சுட ஆரம்பிச்சுருச்சு.

சங்கத்துல இருக்குற அத்தன பேரு முன்னாடியும் எந்திரிச்சு நின்னு சொல்லுங்க திரவியம் அண்ணாச்சி. கூரை போட்டு மூடுனதுக்கு அப்புறமும், ஒக்கார நிழல் இல்லன்னாலும், எங்க வீட்டுப் படியேறி எங்கம்மா போடுற டீயக் குடிக்க வருவீங்களா, மாட்டீங்களா?